கண்ணாடியில் மருதாயி

ஓப்பநாயக்க பஜாரில் நஜீப் நானாவின் அச்சுக்கடையில் சுமித்ரா எட்டு வருடமாக வேலை செய்கிறாள். அதில் பாதிக்கு மேல் செத்தவர்களுக்குச் செய்த வேலை. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் இரத்தினபுரிக்கும் பலாங்கொடைக்கும் போய்விடுவார்கள். சாவு வீட்டுக்காரனுக்கு அத்தனை தூரம் அலைய நேரமேது? காலையில் உயிர் போனால் மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் லயத்து வாசலில் தொங்கவேண்டும். அடையாள அட்டைப் படத்தை அழுதுகொண்டே நீட்டுவார்கள். சுமித்ரா அதன் நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, முட்டை வடிவில் வெட்டி, சுற்றிவர இலைக் கரை போட்டு, கீழே பெயரை அடித்துக் கொடுப்பாள். இருபது நிமிடம் போதும். அழுகிறவர்கள் எழுத்துப் பிழை பார்க்கமாட்டார்கள் என்று அவளே இரண்டு தரம் வாசித்துப் பார்ப்பாள். அப்படியொரு மனச்சாட்சிக்காரி. அந்தக் கைப்பழக்கம்தான் கடைசியில் அவள் தலையிலேயே விடிந்தது.

ஊருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷனில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறையொன்றில் அவளும் அம்மா மருதாயியும் இருந்தார்கள். அப்பா குளவி கொட்டிச் செத்தபோது சுமித்ராவுக்கு ஒன்பது வயது, தம்பி தனுஷனுக்கு ஆறு. பெட்டைப் பிள்ளை பத்தோடு படிப்பை நிறுத்தினால்தான் பையன் மேலே படிக்கலாம் என்ற நிலைமை. அவள் நிறுத்திவிட்டு, அச்சுக்கடைக்கு வருமுன் ஐந்தாறு வருடம் கொழுந்து பறித்தாள். அவன் படித்தான், கொழும்புக்குப் போனான், போன் கடையொன்றில் மேற்பார்வையாளன் ஆனான். முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினான். மூன்று வருடத்துக்கு முன்னால், இன்றைக்கு மழை பெய்தது என்று சொல்வதுபோல, கல்யாணம் முடித்துவிட்டேன் என்று சொன்னான். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

பெற்றவள் வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லையே! திட்டியிருந்தாலாவது நெஞ்சு லேசாகியிருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னத் தூக்குற அன்னைக்குக் கொள்ளிக்குடம் எம் புள்ள தோள்ல இருந்தாப் போதும் தாயி. வேற எதுவும் அவங்கிட்ட வேணாம்." இதை அவள் சொல்லாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டுச் சுமித்ராவுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அந்த ஆசையை எப்படியாவது நிறைவேற்றிக் கொடுக்கவேண்டும் என்று அவளும் மனதுக்குள் நேர்ந்துவைத்திருந்தாள்.

மாசி மாதத்தில் ஸம்ஹா என்ற கொழும்புப் பெண் கடைக்கு வந்தாள். பிரதான வீதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தட்டை ஐந்து மாதத்துக்கு எடுத்திருக்கிறாளாம். மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்குத் தேயிலைப் பெட்டி விற்கப் போகிறாளாம். கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் முகம் பெரிதாக வேண்டும். பவுடர் பூசிய இணையத்துச் சிரிப்பு வேண்டாம், உண்மையாகவே மலையில் நின்ற முகம்தான் வேண்டும் என்றாள். கூடவே இரண்டு நிபந்தனை. கண்ணாடியில் பசை பட்டால் முழுக் கண்ணாடியையும் மாற்றித் தரவேண்டும் என்று கட்டடக்காரர் எழுதி வாங்கியிருந்தார். இரண்டாவது, படத்தைத் தாண்டி உள்ளே அடுக்கியிருக்கும் பெட்டிகள் வெளியே தெரியவேண்டும்.

பசை ஸ்டிக்கர் என்றால் சுமித்ரா கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள். ஆனால் அதை உரிக்கப் பிளேடும் தின்னரும் வேண்டும். அதனால் நானா 'கிளிங்' என்ற சாமானைப் பற்றிச் சொன்னார். பசையே இல்லாத மெத்தென்ற பிளாஸ்டிக் தாள் அது. துடைத்த கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, வைத்துத் தடவினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒரு தடயம் இருக்காது. அதோடு வரும் பின்தாளில் பழையபடி வைத்துச் சுருட்டினால் இன்னொரு தடவையும் பாவிக்கலாம். அதிலும் வெள்ளை, தெளிவு என்று இரண்டு வகை இருந்தது. எது சரி என்று சுமித்ராவே பார்த்து முடிவெடுக்கட்டும் என்று நானா விட்டுவிட்டார்.

முகத்துக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவேயில்லை. அவள் கைப்பேசியில் கிடந்தது அம்மாவின் படம்தான். தலையில் கூடைக் கயிறும் கண்ணோரத்தில் சுருக்கமுமாக, பல் தெரியச் சிரிக்கிற மருதாயி. ஸம்ஹா பார்த்த மாத்திரத்தில் இதேதான் என்றாள். கூச்சக்காரி மருதாயி சம்மதிக்கமாட்டாள் என்றுதான் சுமித்ரா பயந்தாள். ஆனால் அவள், அந்தக் கண்ணாடி பஸ் போகிற ரோட்டைப் பார்த்தா இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கொழும்பு பஸ்ஸெல்லாம் அதால தானே போகும். எம் புள்ளையத் தெரிஞ்ச யாராச்சும் பாத்தா அவங்கிட்டச் சொல்லாமயா இருப்பாங்க?"

சுமித்ரா மூன்று நாள் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டினாள். வெள்ளைத் துண்டில் நிறம் கும்மென்று நின்றது. ஆனால் சுவர் எழுப்பியதுபோல உள்ளே இருப்பதை மறைத்தது. தெளிவுத் துண்டில் உள்ளே தெரிந்தது, ஆனால் அம்மாவைக் காணோம். நானாவின் மிஷினில் வெள்ளை மை கிடையாது. அடியில் வெள்ளை இல்லாமல் நிறம் அடித்தால் அரிசி கழுவிய தண்ணீர்போல ஆகிவிடும். சிவப்புச் சேலையும் மஞ்சள் முகமும் கரைந்து போயிருந்தன. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு மையைக் கூட்டி அடித்துப் பார்த்தாள். முகம் பளிச்சென்று எழுந்தது. சதுரமாக வெட்டிய துண்டு இரண்டாம் நாளே நாலு மூலையிலும் சுருண்டது. மூலையே இல்லாமல் முட்டை வடிவில் வெட்டினாள். அது அசையவில்லை. மழையில் நனையாமல் கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டவேண்டும் என்பதால் படத்தை இடம் வலமாகப் புரட்டி அடித்தாள். சுற்றிவர இலைக் கரை வேண்டுமென்று ஸம்ஹா கேட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஓர் இலைக் கரை. அதையே போட்டாள். கீழே ஸம்ஹா எழுதிக் கொடுத்தபடி, 'மருதாயி அம்மா, நாற்பது வருட உழைப்புக்கு நன்றி' என்று அடித்தாள்.

அடிப் பாவி மகளே! கறுப்பு வெள்ளை, முட்டை வடிவம், இலைக் கரை, கீழே பெயர். எட்டு வருடமாக எதைச் செய்தாளோ அதையே தன் அம்மாவுக்கும் செய்துவிட்டுப் பெருமையாக நிற்கிறாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் மூலை சுருளவில்லை, நிறம் கரையவில்லை என்பதுதான். நானா நன்றாக இருக்கிறது என்றார். ஸம்ஹா கிளாசிக் என்றாள். நாலடி உயரத்தில் மருதாயியின் முகத்தைக் கண்ணாடியில் வைத்து, குமிழி இல்லாமல் தடவி, வீதிக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்த்தபோது சுமித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனது எட்டு வருடத்தில் இதுதான் உருப்படியான வேலை என்று அன்று இரவு அம்மாவிடம் சொன்னாள்.

எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஏழுமலை என்றொருவர் இருந்தார். மருதாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஆகவே பிள்ளைகளுக்கு மாமா. அடுத்த சனிக்கிழமை பலாங்கொடைக்குப் போகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துச் சனத்தின் முகத்தை யார் பெரிதாக அச்சடித்து ஊருக்குக் காட்டுவார்கள்? செத்தால்தான் காட்டுவார்கள். கண்ணாடியில் தங்கச்சியைக் கண்டதும் அவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கீழேயிருந்த வரியை வாசிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. உடனே சுமித்ராவை அழைத்தார். வேலை நேரத்தில் கைப்பேசி மேசை லாச்சிக்குள் இருக்கவேண்டும் என்பது நானாவின் சட்டம். மூன்று தடவை அடித்தும் பதில் இல்லை. சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அண்ணன்காரனுக்குக்கூடச் சொல்லாமல் புதைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம் வேறு. அதே ஆத்திரத்தோடு தனுஷனை அழைத்தார்.

ஆமாம், தனுஷனின் புது நம்பர் மாமாவிடம் இருந்தது. அம்மாவுக்கு ஏதாவது ஆனால் மட்டும் சொல்லுங்கள், அதுவரைக்கும் இந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். மூன்று வருடமாக அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். இப்போதும் அதன்படியே செய்தார். பெற்றவளுக்குக் கொள்ளிதான் வைக்கவில்லை, மீசையை எடுத்துவிட்டு வந்து காரியத்தையாவது செய் என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுமித்ரா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு பார்சலோடு தனுஷன் படியேறி வந்தான். அதே நேரம் பீலியிலிருந்து தண்ணீர் வாளியோடு மருதாயி வந்தாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். செத்துப்போனாள் என்று நினைத்த தாய் உயிரோடு நிற்கிறாள். எந்த மகனுக்கும் அந்த நொடியில் உயிர் வந்திருக்கும். இவன் முகம் விழுந்தது. வெயிலில் போட்ட கீரை மாதிரி விழுந்தது. சுமித்ரா அதைக் கண்ணால் கண்டாள். அம்மா காணாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அம்மா காணவில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்தப் பாத்துட்டுத்தானே ராசா வந்த?"

அவன் தலையாட்டினான். மருதாயி மகளைத் திரும்பிப் பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்றாள். அந்தப் பெருமையைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள், முந்தானையால் துடைத்தாள், சாப்பிட்டாயா என்றாள், மருமகள் எப்படி என்றாள். அவன் உட்காரவில்லை. அப்புறம்தான் அவள் மகனின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"மீசைய ஏன்டா எடுத்த?"

அவன் பார்சலை நாற்காலியில் வைத்தான். பார்சலின் வாய் பிரிந்து உள்ளே புது வேட்டியும் கற்பூரக் கட்டும் தெரிந்தன. மருதாயி அந்த வேட்டியைப் பார்த்தாள், அவனுடைய உதட்டைப் பார்த்தாள், பிறகு கையை விட்டுவிட்டாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. படம் அப்படியா இருந்தது என்று அப்போதுதான் சுமித்ராவுக்கும் உறைத்தது.

அவனாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நாலு வார்த்தை. அதற்குக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. தன்னை ஊர் முன்னால் முட்டாளாக்கிவிட்டார்கள் என்ற கோபம் மட்டும்தான் இருந்தது. மனைவி வீட்டாரிடம் தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே செத்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் கல்யாணம் முடித்திருக்கிறான். லயத்தில் ஒரு தாய் இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் தலை நிமிர முடியாதாம். இப்போதும் ஓர் அத்தையின் காரியம் என்று சொல்லிவிட்டு வந்தானாம். எல்லாவற்றையும் அம்மா நிற்கிறாள் என்ற கூச்சமே இல்லாமல் சொன்னான்.

"நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான். ஆட்டோவை அவன் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. பார்சல் நாற்காலியிலேயே கிடந்தது. மருதாயி அதை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள், கூப்பிடவில்லை, திரும்பி வந்துவிட்டாள். வேட்டியை மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். சுமித்ரா காலில் விழாத குறையாக அழுதாள். அம்மா அவளை ஒரு சொல் சொல்லவில்லை.

"அதக் கழட்டிரு தாயி," என்றாள். அவ்வளவுதான்.

சுமித்ரா மறுநாளே ஸம்ஹாவிடம் போனாள். சங்கதியை முழுவதும் சொல்லி, வேறு படம் சும்மாவே அடித்துத் தருகிறேன் என்றாள். ஸம்ஹா அச்சச்சோ என்றாள், கையைப் பிடித்து வருத்தப்பட்டாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வாகனத்தை நிறுத்தி அந்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்களாம். ஆடி பிறக்கும்போதுதானே கடையைக் காலி செய்யப் போகிறோம், அதுவரைக்கும் இருக்கட்டுமே என்றாள். நல்ல மனுசிதான். அவளுக்கு அது ஒரு படம். விரல் நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும் சாமான், அதுவும் தான் தெரிவு செய்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் சுமித்ராவால் தொட முடியவில்லை. நானாவின் வாடிக்கையாளர் அல்லவா? மூன்று மாதத்துக்கு மேல் மருதாயி ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உண்மையான மருதாயி பஜாருக்கு வந்தால் பஸ்ஸில் மறுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவாள்.

கடை காலியான நாளில் சுமித்ரா போய் உரித்தாள். நன்றாகத் தெரிவு செய்திருந்தாள், சொல்லவேண்டும். ஒரு கறை இல்லை, ஒரு கீறல் இல்லை. அங்கே ஒரு முகம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கட்டடக்காரர் கண்ணாடியைத் தடவிப் பார்த்துச் சிங்களத்தில் பாராட்டினார். அவள் எடுத்துவைத்திருந்த பின்தாளில் அதை வைத்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பத்து நாள் போகவில்லை. விடாத மழையில் மருதாயிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் விடிகாலை மூச்சு நின்றது. நினைவு தப்பும்வரை தனுஷனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொள்ளிக்குடத்தைப் பற்றியும் பேசவில்லை. அந்தப் பேச்சைத்தான் மகன் வந்துபோன நாளோடு விட்டுவிட்டாளே. ஆனால் சுமித்ரா விடவில்லை. உயிரோடு இருக்கும்போது கெடுத்ததைச் செத்த பிறகாவது சரி செய்யவேண்டும் என்று துடித்தாள்.

ஏழுமலை மாமா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி தனுஷனை அழைத்தார். சுமித்ராவும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"உங்கம்மா போயிட்டாப்பா. இந்தத் தடவ நெசந்தான். நான் பக்கத்துல நின்னுதான் சொல்றேன்."

முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவனுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்க முடியாது. குரலை உயர்த்தாமல், பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னான்.

"அவங்களுக்காக ஒருக்கா மீசைய எடுத்துட்டேன் மாமா. இன்னொருக்கா எடுக்க ஏலாது."

போன் நின்றுவிட்டது. மாமா மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், போனே அணைந்திருந்தது. அப்படியும் மனம் கேட்காமல் பின்னேரம் நாலு மணிவரை பிரேதத்தை வைத்திருந்தார்கள். கீழே ரோட்டில் எந்த வாகனம் சத்தம் போட்டாலும் சுமித்ரா எழுந்து போய்ப் பார்த்தாள். மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. இனியும் தாமதித்தால் குழி நிரம்பிவிடும் என்று தோட்டத்துத் தலைவர் சொன்னார். டிரங்குப் பெட்டியில் இருந்த அந்தப் புது வேட்டியைச் சுமித்ரா எடுத்துக் கொடுக்க, மாமா அதைக் கட்டிக்கொண்டு கொள்ளிக்குடத்தைத் தூக்கினார். எழுபது வயது மனிதர். சறுக்குகிற படியில் தடுமாறித் தடுமாறி இறங்கினார்.

மூன்றாம் நாள் சுமித்ரா வேலைக்கு வந்தாள். நஜீப் நானா வீட்டுக்குப் போகச் சொன்னார். அம்மாவுக்கு அஞ்சலி அடிக்கவேண்டும் என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதே கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தாள், அதே முட்டை வடிவம், அதே இலைக் கரை. இந்தத் தடவை எல்லாம் சரியாகவே இருந்தது. கீழே வழக்கம்போல உறவுகளை வரிசையாக அடித்தாள். இன்னாரின் மகள், காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய்.

நானா பின்னால் நின்று வாசித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். 'சுமித்ரா, காலஞ்சென்ற தனுஷன் ஆகியோரின் அன்புத் தாயாரும்' என்று இருந்தது.

"புள்ள, இதுல பிழையொண்டு இருக்கே."

"ரெண்டு தடவ வாசிச்சிட்டேன் நானா. பிழை இல்ல."

எதில் அடிக்கப் போகிறாய், பேனரா என்று நானா கேட்டார். பேனர் வேண்டாம், பஸ் ஹோல்ட் சுவரில் ஒட்டவேண்டும் என்றாள். கொழும்பு பஸ் நிற்கிற இடம், எல்லாரும் இறங்கி ஏறுகிற இடம். அலுமாரியைத் திறந்து சாமான்களைப் பார்த்தாள். மீதிக் கிளிங் சுருள் முன்னாலேயே கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, அடியில் கிடந்த கனமான பசைச் சுருளை இழுத்தெடுத்தாள். பிளேடு போட்டாலும் தின்னர் ஊற்றினாலும் சுவரின் தோலோடுதான் வரும் என்று வாடிக்கையாளர்களுக்கு அவள் எப்போதும் வேண்டாம் என்று சொல்கிற வகை அது. மிஷினில் மாட்டிவிட்டு, எத்தனை அடிக்கலாம் என்று நானாவைக் கேட்டாள்.